கீழே கடை, மேலே வீடு: மட்டக்களப்பில் கட்ட நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனைப் பக்கங்களில் கட்டடப் பிளான் வரைவது என் தொழில். டவுனுக்குள் காணி விலை ஏற ஏற, கடையும் வீடும் ஒரே கட்டடத்தில் வருகிற மாதிரிக் கட்டலாமா என்று கேட்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். கட்டலாம் என்பது மட்டுமில்லை, எங்கள் டவுன்களுக்கு இதைவிடப் பொருத்தமான கட்டடம் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் சரியாகக் கட்ட வேண்டும். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

எந்த மாதிரிக் கட்டடத்தைச் சொல்கிறீர்கள்?

வீதியை ஒட்டிக் கீழே ஒரு பாமசி, தையல் கடை அல்லது பல் வைத்தியரின் அறை. அதற்கு மேல் இரண்டு மூன்று தட்டுகளில் குடும்பங்கள். நடுவில் ஒரு தட்டில் அலுவலகமோ ரியூசன் வகுப்போ இருந்தாலும் சரி. மொத்தம் மூன்று அல்லது நான்கு தட்டுத்தான். கீழே கடை கட்டி, மேலே பிளேட் (கொங்கிறீட் தளம்) போட்டு, அதைச் சாமான் அடுக்குகிற களஞ்சியமாக விட்டுவைத்திருக்கும் கட்டடங்கள் எங்கள் வீதிகளில் நிறைய உண்டு. அவை இந்தக் கணக்கில் வராது. மேலே ஆட்கள் குடியிருக்க வேண்டும்.

இது நம் ஊருக்குப் புதிய பழக்கமா?

இல்லை. மட்டக்களப்பு டவுனின் பழைய பகுதியான புளியந்தீவைப் பாருங்கள். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை அங்கே இருக்கிறது. அதற்குள்ளேதான் நெடுங்காலம் கச்சேரி, அதாவது மாவட்டத்தின் அரச அலுவலகம், இயங்கியது. பாடசாலை, கோயில், தேவாலயம், கடைத்தெரு எல்லாம் அந்தச் சிறிய தீவில் நடக்கும் தூரத்தில் இருந்தன. கடைக்காரர் கடைக்கு மேலே அல்லது பின்னால் குடியிருந்தார். காத்தான்குடி, கல்முனைப் பிரதான வீதியில் இன்றைக்கும் சில குடும்பங்கள் அப்படித்தான் இருக்கின்றன.

பிறகு ஆட்கள் வெளியே போனார்கள். மோட்டார் சைக்கிள் வந்தது ஒரு காரணம், யுத்தம் ஒரு காரணம், சுனாமி இன்னொரு காரணம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கடலோர நாவலடிப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குத் திராய்மடுவில் வீடு கிடைத்தது. உயிருக்குப் பயந்தவர்களுக்கு அது தேவைப்பட்ட இடம்தான். ஆனால் தொழிலும் கடையும் பாடசாலையும் தூரமாகிவிட்டால் ஒரு குடும்பத்தின் செலவும் நேரமும் என்ன ஆகும் என்பதை அந்த மக்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

இதில் அப்படி என்ன நன்மை?

முதலில் காணி. மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கல்முனைப் பக்கம் வரை இறங்குகிறது. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஒடுங்கிய மணல் துண்டில்தான் கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி எல்லாம் அடுத்தடுத்து நிற்கின்றன. காத்தான்குடியில் ஆறேழு சதுர கிலோமீற்றருக்குள் ஏறக்குறைய 40,000 பேர். இந்த ஊர்கள் கிழக்கே விரிய முடியாது, கடல். மேற்கே விரிந்தால் வாவிக்கரை, கண்டல், வயல். அந்தத் தாழ்ந்த நிலத்தில் கிரவல் கொட்டி நிரப்பி வீடு கட்டுகிறோம். அடுத்த மாரியில் தண்ணீர் ஓட வழியில்லாமல் நம் வீட்டுக்குள்ளேயே வருகிறது. 2011 ஜனவரி வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஏற்கனவே வீதியும் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் உள்ள மேட்டு நிலத்தில் இன்னும் இரண்டு தட்டு உயர்ந்தால், அந்த அளவுக்கு வயலும் வாவிக்கரையும் தப்பும்.

இரண்டாவது, வீதியின் உயிர். இரவு எட்டு மணிக்குச் சட்டர் இழுத்ததும் கோட்டைமுனைக் கடைத்தெருவில் பல இடங்கள் வெறிச்சோடிப் போகும். மேல்தட்டு ஜன்னல்களில் வெளிச்சம் இருந்து, பல்கனியில் யாராவது நின்று கதைத்துக்கொண்டிருந்தால், பெரியாஸ்பத்திரியில் இரவு டியூட்டி முடித்து வரும் ஒரு தாதி அந்த வீதியால் பயமில்லாமல் நடந்து போகலாம். கடைக்காரருக்கும் அது காவல். கமராவை விட மேலே குடியிருக்கும் குடும்பத்தைத்தான் நான் நம்புவேன்.

வயசானவர்களுக்கு இது எவ்வளவு உதவி என்பதைச் சொல்லி முடியாது. மருந்து கீழே, பாண் அடுத்த கட்டடத்தில், கோயிலோ பள்ளிவாசலோ சந்தியில். யாரையும் கெஞ்சி ஆட்டோ பிடிக்கச் சொல்லத் தேவையில்லை. படி ஏறுவதுதான் சிரமம் என்பார்கள். உண்மை. அதனால் கடைக்கு மேலுள்ள முதல் தட்டை வயசானவர்களுக்கு வைத்து, படியைச் சாய்வு குறைவாகக் கட்டி, இரண்டு பக்கமும் கைபிடி போடச் சொல்வேன்.

வருமானத்தையும் சொல்ல வேண்டும். கடை வாடகையும் வீட்டு வாடகையும் ஒரே நேரத்தில் நின்றுபோவது அரிது. 2020இல் ஊரடங்கில் கடைகள் பூட்டியிருந்தபோது, மேல்தட்டில் குடியிருந்தவர்களின் வாடகையால் வங்கிக் கடனைக் கட்டியவர்கள் உண்டு.

ஏன் நான்கு தட்டோடு நிறுத்த வேண்டும்? எட்டு, பத்துக் கட்டினால் இன்னும் வருமானம்தானே?

நான்காம் தட்டு வரை மனிதர் நடந்து ஏறலாம். அதற்கு மேலே லிப்ட் இல்லாமல் வாழ முடியாது. லிப்ட் வந்தால் ஜெனரேட்டர் வேண்டும், அதைப் பராமரிக்க மாதாமாதம் எல்லோரும் காசு கட்ட வேண்டும். ஒருவர் கட்டாவிட்டாலும் சண்டை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டினார்கள். பத்தாம் தட்டில் கைக்குழந்தையோடு இருப்பவருக்கு அந்த நாட்கள் எப்படி இருந்திருக்கும்? தண்ணீர் மோட்டாரும் வேலை செய்யாது.

அத்திவாரச் செலவும் உயரத்தோடு கூடும். வாவிப் பக்கத்து இளகிய மண்ணில் உயரமான கட்டடத்துக்குப் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்) இறக்க வேண்டி வரலாம். மூன்று நான்கு தட்டுக்குப் பல இடங்களில் சாதாரண அத்திவாரமே போதும். இன்னொன்று, மூன்றாம் தட்டிலிருந்து கூப்பிட்டால் கீழே மீன்காரர் நிற்பார். அதற்கு மேலே போனால் வீதியோடு உள்ள தொடர்பு அறுந்துவிடும்.

எனக்கு மூன்று பெண் பிள்ளைகள். ஆளுக்கொரு வீடு கொடுக்க வேண்டும். காணி 15 பேர்ச்தான். இந்த முறை உதவுமா?

என்னிடம் வரும் கேள்விகளில் மனசைத் தொடுவது இதுதான். தமிழர், முஸ்லிம் என்று பாராமல் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரம் முழுவதும் வீடு மகளுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். பெற்றோர் மூத்தவளுக்குத் தாங்கள் இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, வளவின் பின்பக்கம் சின்னதாக ஒன்று கட்டிப் போவார்கள். அடுத்தவளுக்குக் கல்யாணம் வந்தால் அதையும் கொடுத்துவிட்டு இன்னும் பின்னுக்குப் போவார்கள். இப்படித்தான் வளவுகள் துண்டு துண்டாகி, ஒழுங்கைகள் ஒரு ஆட்டோ போகாத அளவுக்கு ஒடுங்கின.

இனி அப்படிப் பிரிக்கவும் முடியாது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள் உள்ள பகுதிகளில் பொதுவாக ஒரு காணித் துண்டு 150 சதுர மீற்றராவது இருக்க வேண்டும். அது ஏறக்குறைய 6 பேர்ச். உங்கள் 15 பேர்ச்சை மூன்றாக்கினால் ஆளுக்கு 5. பாதைக்கு விட்டால் அதுவும் இல்லை. துண்டு அங்கீகரிக்கப்படாவிட்டால் பிறகு பிளான் பாஸ் பண்ணுவதும் வங்கிக் கடன் எடுப்பதும் கஷ்டம்.

காணி வீதியோரமாக இருந்தால் கீழே கடை, மேலே தட்டுக்கு ஒரு வீடாக மூன்று வீடு. மூன்று பேருக்கும் ஒரே அளவு, ஒரே தரம். பின்பக்கம் கொஞ்சம் மண் தரை மிஞ்சும், ஒரு மாமரமும் கிணறும் தப்பும். கடையைப் பெற்றோர் தங்கள் பெயரில் வைத்துக்கொண்டால் வயதான காலத்தில் பிள்ளைகளிடம் கையேந்தாமல் இருக்கலாம். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும் தாய்மாரைப் பார்த்திருப்பதால் இதை ஒவ்வொருவருக்கும் வலியுறுத்திச் சொல்கிறேன்.

சகோதரிகள் ஒரே படிக்கட்டில் இருந்தால் சண்டை வராதா என்று கேட்பார்கள். வரும். தண்ணீர் மீற்றர், மின் மீற்றர், துணி காயப்போடும் இடம் மூன்றும் தனித்தனியாக இருந்தால் பாதி குறையும்.

மேல்தட்டுக்குத் தனி உறுதி (சொத்துப் பத்திரம்) எழுத முடியுமா? தரை இல்லாமல் எப்படிச் சொந்தம் ஆகும்?

முடியும். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடி வீட்டு உடைமைச் சட்டம் அதற்காகவே வந்தது. நில அளவையாளர் ஒவ்வொரு தட்டையும் தனி அலகாகக் காட்டும் படம் வரைவார். கடை ஒரு அலகு, வீடுகள் ஒவ்வொன்றும் ஒரு அலகு. படிக்கட்டு, கூரை, மலக்குழி, சுற்றுமதில் போன்றவை பொதுச் சொத்து. உரிய அங்கீகாரங்களோடு அந்தப் படம் காணிப் பதிவகத்தில் பதிவானால், ஒவ்வொரு அலகையும் தனியாக எழுதிக் கொடுக்கலாம், விற்கலாம், அடகு வைக்கலாம். உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்து பொதுச் சொத்தைப் பராமரிக்க வேண்டும். அதற்கும் சட்டத்திலேயே ஏற்பாடு உண்டு.

எங்கள் பக்கம் பலர் இதைச் செய்வதில்லை. "மேல்வீடு சின்ன மகளுக்கு" என்று வாயால் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அல்லது முழுக் காணியையும் பிரிக்காத பங்காக மூன்று பேருக்கும் எழுதுகிறார்கள். பெற்றோர் இருக்கும்வரை பிரச்சினை தெரியாது. பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் வழக்கு வரும். செலவைப் பார்க்காமல் அலகுப் படம் போட்டு உறுதி முடியுங்கள்.

கீழே எந்தக் கடைக்கு இடம் கொடுக்கலாம்?

பாமசி, புத்தகக் கடை, சலூன், தையல், தொலைபேசி திருத்தும் கடை, சில்லறைக் கடை எல்லாம் வீட்டோடு ஒத்துப்போகும். பேக்கரிப் போறணை, மிளகாய் அரைக்கும் மில், வெல்டிங், கராஜ் வேண்டாம். சாப்பாட்டுக் கடை நடுவில் நிற்கிறது. புகைபோக்கியைக் கூரைக்கு மேல்வரை கொண்டுபோய், காஸ் சிலிண்டர்களைக் கட்டடத்துக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் வைத்தால் சம்மதிக்கலாம். கொத்து ரொட்டிச் சத்தத்தை யோசித்துக்கொள்ளுங்கள்! சத்தத்துக்கு 1996ஆம் ஆண்டு விதிகள் உண்டு: மாநகர, நகர சபை எல்லைக்குள் பொதுவாகப் பகலில் 63 டெசிபல், இரவில் 50. பேக்கரி, மில் போன்றவற்றுக்குச் சுற்றாடல் அனுமதிப்பத்திரமும் தேவை. வாடகை ஒப்பந்தத்திலேயே கடை பூட்டும் நேரத்தை எழுதிவிடுவது நல்லது.

கீழே முழுக்கச் சட்டர், தூண் மட்டும்தான். சூறாவளி வந்தால் தாங்குமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் எல்லோரும் கேட்க வேண்டியது. 1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பை என்ன செய்தது என்று வீட்டில் உள்ள பெரியவர்கள் சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் இலங்கையைக் காற்று வலயங்களாகப் பிரித்தார்கள். கிழக்குக் கரை முதலாம் வலயம். சாதாரணக் கட்டடத்துக்கே வினாடிக்கு 49 மீற்றர், அதாவது மணிக்கு 175 கிலோமீற்றருக்கு மேற்பட்ட காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

மேல்தட்டுகளில் அறைச் சுவர்கள் நிறைய, அவை விறைப்பாக நிற்கும். கீழே கடைக்காகச் சுவரை எடுத்துவிட்டோம். பக்கவாட்டில் தள்ளும் விசை வந்தால் முழுப் பாரமும் அந்தக் கீழ்த் தூண்களில் விழும். தீர்வு கஷ்டமானதல்ல. படிக்கட்டைச் சுற்றி கொங்கிறீட் சுவர் எழுப்பலாம், பின் சுவரையும் பக்கச் சுவர்களையும் தூண்களோடு கட்டலாம், கீழ்த் தூண்களைப் பெரிதாக்கலாம். ஆனால் இதை மேசனிடம் விடக்கூடாது. பொறியியலாளர் கணக்குப் பார்க்க வேண்டும்.

கடல் பக்கம் என்றால் உப்பு. கழுவாத கடல் மணலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரும் கொங்கிறீட்டில் சேரவே கூடாது. உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கினால் பிளேட் வெடித்து விழும். "பிறகு மேலே கட்டலாம்" என்று கம்பியை வானத்துக்கு நீட்டி விட்டு வைக்கிறோமே, அதுவும் அப்படித்தான் கெட்டுப் போகிறது. சில வருடங்கள் காத்திருக்க வேண்டுமென்றால் மெலிந்த சீமெந்துக் கலவையால் கம்பியை மூடிவிடுங்கள்.

பழைய ஒரு தட்டுக் கடை இருக்கிறது. அதன் மேலே ஏற்றலாமா?

அத்திவாரத்தைத் தோண்டிப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. இரண்டு தூணடியில் குழி வெட்டி ஆழமும் அகலமும் பார்த்து, கம்பி எவ்வளவு போட்டிருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் யோசிக்க வேண்டும். ஒரு தட்டுக்குப் போட்ட அத்திவாரத்தில் மூன்று ஏற்றச் சொல்லி வருபவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மலக்குழி, தண்ணீர்?

இதில்தான் நல்ல கட்டடங்கள் கெட்ட பெயர் எடுக்கின்றன. டவுனில் பெரும்பாலும் ஒவ்வொரு வளவுக்கும் சொந்தக் குழிதான். மணல் நிலம், மாரியில் தண்ணீர் மட்டம் காலடிக்கு வந்துவிடும். ஒரு வீட்டுக்கு வெட்டிய குழியில் மூன்று வீட்டையும் ஒரு கடையையும் இணைத்தால் டிசம்பரில் அது வீதியில் ஓடும். கிணறும் குழியும் 50 அடியாவது விலகி இருக்க வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வார்கள். ஒடுங்கிய காணியில் அது கிடைக்காது. அப்போது அடிப்பக்கம் அடைத்த, அறை பிரித்த டாங்கி கட்டி, பவுசர் வந்து இறைக்க வீதிப்பக்கமே வாய் வைக்க வேண்டும். குடிக்க உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீரையே நம்புங்கள். கிணற்றைக் கழுவுவதற்கு வைத்துக்கொள்ளலாம்.

கடைத் தளத்தை வீதியைவிட ஒன்றரை அடியாவது உயர்த்துங்கள். வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தை வெட்டித் திறக்கும்வரை வாவித் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும் காலங்கள் உண்டு.

மேல்தட்டு வேகுமே?

ஆடி மாதம் வரண்ட கச்சான் காற்று வீசும்போது நிச்சயம் வேகும், மேலே வெறும் பிளேட்டை விட்டால். அதன் மேலே கூரை போட்டு நடுவில் காற்றோட விடுங்கள். துணி காயவும் இடம் கிடைக்கும். பின்னேரம் கிழக்கிலிருந்து கடற்காற்று வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரெதிர் இரண்டு பக்கம் ஜன்னல் இருந்தால் அந்தக் காற்று உள்ளே புகுந்து வெளியேறும். இரண்டு பக்கமும் அயல் மதிலோடு ஒட்டிய நீளக் கட்டடம் என்றால் நடுவில் வானம் பார்த்த சின்ன முற்றம் ஒன்று விடுங்கள். பழைய வீடுகளில் நாற்சார் முற்றம் செய்த வேலை அதுதான்.

வாகனம் எங்கே நிறுத்துவது?

பிளானில் இடம் காட்டத்தான் வேண்டும். மேலே இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டியும் சைக்கிளும்தான். அவற்றைப் பின்பக்கம் கொண்டுபோக ஒரு பாதை விடுங்கள். முன்பக்கம் முழுவதையும் வாகனத்துக்குக் கொடுத்தால் கடை வீதியிலிருந்து விலகிப் போகும், நடந்து வரும் வாடிக்கையாளர் வரமாட்டார்.

படிக்கட்டை எங்கே வைப்பது?

நான் முதலில் வரைவது அதைத்தான். வீதியிலிருந்து நேராக ஏற வேண்டும், கடைக்குள்ளால் போகக்கூடாது. நான்கு அடி அகலம் இருந்தால் கட்டிலும் அலுமாரியும் ஏறும். ஒரு நோயாளியைக் கதிரையில் வைத்து இறக்கலாம். மரணம் நடந்தால் பெட்டியை மரியாதையாக இறக்கலாம், இதையும் யோசிக்கத்தான் வேண்டும். வாசலில் வெளிச்சமும் பூட்டுள்ள கதவும் இருக்கட்டும். வாடகை இடம் கூட்டுவதற்காகப் படியை இரண்டரை அடியாக்கி இருட்டு மூலைக்குள் தள்ளுகிறார்கள். பிறகு நல்ல குடும்பம் வரவில்லை, போர்டிங் பொடியன்கள்தான் வருகிறார்கள் என்று கவலைப்படுகிறார்கள். தீ பிடித்தால் இறங்க அந்த ஒரு படிதான் இருக்கிறது என்பதை மறந்துவிடக்கூடாது.

கடற்கரைப் பக்கம் கட்டலாமா?

1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி உயர் நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் கரையோர வலயம். அதற்குள் கட்டக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். சுனாமியில் உறுதியான மாடிகளில் ஏறியவர்கள் பலர் தப்பினார்கள் என்பது உண்மை. அதற்காகக் கடலைப் பார்த்துக் கட்டச் சொல்ல மாட்டேன்.

நாங்கள் வெளிநாட்டுப் பிரஜை ஆகிவிட்டோம். ஊரில் ஒரு தட்டு வாங்கலாமா?

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்துகிறது. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. மாடி வீட்டு அலகுகளுக்கும், முழுப் பணத்தையும் முன்கூட்டியே வெளிநாட்டிலிருந்து அனுப்பினால் விலக்கு உண்டு. எந்தத் தட்டுக்கு அது பொருந்தும் என்பதை உறுதி எழுதும் நொத்தாரிசிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரட்டைப் பிரஜாவுரிமைதான் சிக்கலில்லாத நேர்வழி. உறவினர் பெயரில் வாங்கி வைப்பதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

எங்கே வேண்டாம் என்பீர்கள்?

ஒழுங்கைக்குள்ளே வேண்டாம். பத்தடி ஒழுங்கையில் நான்கு தட்டு எழும்பினால் அயல் வீட்டுக் கிணற்றடிக்கும் முற்றத்துக்கும் மறைவு போய்விடும். அது பெண்கள் புழங்கும் இடம். வயல் கரையிலும் வாவிக் கரையிலும் வேண்டாம். திருகோணமலை வீதி, கல்லடிப் பாலத்துக்கு அப்பால் கல்முனை நோக்கிப் போகும் பிரதான வீதி, கல்முனை, அக்கரைப்பற்றுச் சந்திகள், செங்கலடிச் சந்தி போன்ற பஸ் ஓடும் இடங்களில் கட்டுங்கள்.

முதலில் யாரிடம் போக வேண்டும்?

நொத்தாரிசிடம். உறுதியும் நில அளவைப் படமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பிறகு மாநகர சபையிலோ நகர சபையிலோ வீதிக்கோடு (வீதிக்காக ஒதுக்கிய எல்லை) எங்கே விழுகிறது, உங்கள் துண்டில் எத்தனை தட்டுக்கு அனுமதி, எவ்வளவு திறந்த வெளி விட வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். அது கையில் வந்த பிறகு பொறியியலாளரையும் வரைஞரையும் ஒன்றாக உட்கார வையுங்கள். மேசன் பாஸ் கடைசியில்தான். கட்டி முடிந்ததும், பாஸ் பண்ணிய பிளான்படியே கட்டியிருக்கிறது என்று காட்டும் இணக்கச் சான்றிதழ் எடுக்காமல் யாரையும் குடியேற்றாதீர்கள். அது இல்லாவிட்டால் மகளுக்கு அலகு உறுதி முடிக்கும்போது எல்லாம் அங்கேயே நின்றுவிடும்.